தோற்ற பிறகு தோட்டத்தில் கூட்டம் வைப்பது எப்படி

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்க வேலை பார்ப்பவன். தேர்தலில் நம் இடதுசாரிக் கட்சி தோற்றால் அந்த வாரமே அட்டன் டவுனில் மண்டபம் எடுத்து, அடுத்த முறை யாரோடு கூட்டு, எந்தச் சின்னம் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். தோழர்களே, அதைத் தள்ளிவையுங்கள். முதல் கூட்டம் தோட்டத்தில் நடக்கட்டும்.

பிள்ளைக்காம்பராவோ (தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கோயில் மடமோ போதும். தலைவர் வீட்டு வாசல் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் பேசுவார்கள். ஞாயிறு காலையில் பெண்கள் உடுப்புக் கழுவுவார்கள், டவுனுக்குப் போவார்கள். பின்னேரம் நாலு மணி சரி.

கொழுந்தெடுக்கும் பெண்கள் முதலில் பேச வேண்டும். "ஏன் எங்களுக்கு ஓட்டுப் போடல?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்த வருஷம் எத்தனை தடவை அரைப்பேர் போட்டாங்க? நம்ம ஆள் யாராவது துரைகிட்டப் போய்க் கேட்டாங்களா?" என்று கேளுங்கள். (அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்; துரை என்றால் தோட்ட நிர்வாகி.) பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதுங்கள். அதை 'வர்க்க உணர்வு போதாமை' என்று மாற்றி எழுதினால் வந்த வேலையே வீண்.

அப்புறம்தான் கூட்டணி. அதைப் பேசும்போது இளைஞர்களுக்குப் பழையதைச் சொல்லியே ஆக வேண்டும். 1948இல் மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எதிர்த்தார்கள். 1970இல் இவர்களின் சமசமாஜக் கட்சி 19 ஆசனங்களோடு கூட்டரசில் சேர்ந்தது. பெருந்தோட்ட அமைச்சு கொல்வினிடமே வந்தது. அந்த ஆட்சியில்தான் 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977இல் சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. தோல்விக்குக் காரணம் பல. ஆனால் மலையில் நம்பிக்கை போனது, நமக்காகப் பேசியவர்கள் பதவியில் இருந்தபோது நம் பட்டினியைத் தடுக்காததால்தான் என்பது என் முடிவு. ஆகவே எவரோடு சேர்ந்தாலும், எது நடந்தால் வெளியேறுவோம் என்பதைச் சேருமுன்பே எழுதிவையுங்கள். நாட்சம்பளமும் வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எழும்புமுன் ஒரே ஒரு வேலையை எடுங்கள். வேலை விட்ட ஓர் அம்மாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் வராமல் கிடந்தால், அந்தப் படிவத்தை நிரப்பித் தொழில் அலுவலகத்துக்கு யார் கொண்டுபோவது, எந்தத் தேதி என்று கொப்பியில் பெயரோடு குறியுங்கள். அடுத்த கூட்டத்தில் வேறு எதையும் பேசுமுன் அந்தப் பெயருக்கு உரியவரிடம் கேளுங்கள்.