புத்தகத்தில் இப்படி இல்லையே!

சென்னையில் ஆங்கிலப் படத்துக்கும் இடைவேளை விடுவார்கள். அது நாவலிலிருந்து எடுத்த ஃபேன்டசி படம் என்றால், பாப்கார்ன் வரிசையில் கட்டாயம் ஒரு குரல் கேட்கும்: "புக்குல இப்படி இல்லடா." அப்புறம் பட்டியல் ஆரம்பமாகும். யாரைக் காணோம், எது மாறிவிட்டது, எந்தச் சண்டை எங்கே போனது. பொன்னியின் செல்வன் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தபோது இதே பேச்சு வீட்டுக்கு வீடு நடந்தது. மணிமேகலையை ஏன் விட்டுவிட்டார்கள் என்று பெரியம்மாக்கள் கேட்டார்கள். அது ஃபேன்டசி அல்ல, சரித்திர நாவல். ஆனாலும் கேள்வி ஒன்றுதான். புத்தகத்தை நேசிப்பவர்கள்தான் இப்படி ஒப்பிடுகிறார்கள், அதனால் இந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பல சமயம் கோபம் தேவையில்லாத இடத்தில் வருகிறது, வர வேண்டிய இடத்தில் வருவதில்லை.

மாற்றங்களை எண்ணிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் சிறுமி டோரத்தி போட்டிருக்கும் மாணிக்கச் சிவப்புக் காலணி உலகப் பிரசித்தம். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய கதையில் அது வெள்ளிக் காலணி. கலர் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பாக்கினார்கள். வினாடி வினாவில் கேட்பது இதைத்தான். ஆனால் அதே படம் ஓஸ் என்ற மாய உலகத்துக்கு அவள் போகும் பயணம் முழுவதையும் தலையில் அடிபட்ட சிறுமி கண்ட கனவாக முடித்துவிடுகிறது. புத்தகத்தில் அவள் நிஜமாகவே போய் வருகிறாள். திரும்பி வரும்போது, சூறாவளி கொண்டுபோன பழைய வீட்டுக்குப் பதிலாக ஹென்றி மாமா கட்டிய புது வீடு நிற்கிறது. காலணியின் நிறத்தால் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. கனவு என்று சொன்னதில் ஓர் உலகமே இல்லாமல் போய்விட்டது. பட்டியல் போட்டால் இரண்டுமே ஒவ்வொரு வரிதான்.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் "நேரம் பத்தாது" என்று சமாதானம் சொல்வது. ஹாரி பாட்டர் வரிசையிலேயே தடிமனான புத்தகம் ஐந்தாவது. அந்தப் படம் 138 நிமிடம். அதைவிட எவ்வளவோ சிறிய இரண்டாவது புத்தகத்தின் படம் 161 நிமிடம். பக்கத்துக்கும் நிமிடத்துக்கும் நேரான கணக்கு கிடையாது, எதைச் சொல்வது என்ற தேர்வுதான் உண்டு. கடைசிப் படத்தில் வில்லன் வோல்டமார்ட் சாகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அவன் பெரிய கூடத்தில், அத்தனை பேர் கண்ணெதிரே, எல்லா மனிதரையும் போல வெறும் உடலாகத் தரையில் விழுகிறான். சாவுக்குப் பயந்தே உயிரைத் துண்டு துண்டாக்கி ஒளித்து வைத்தவனுக்கு வேறென்ன முடிவு பொருந்தும்? படத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத முற்றத்தில் துகள்துகளாக உதிர்ந்து காற்றில் கலக்கிறான். பார்க்க அழகுதான். ஆனால் இந்த மாற்றம் நேரத்தை மிச்சப்படுத்தச் செய்ததல்ல, அர்த்தத்தையும் குறைத்துவிட்டது. கோபப்பட வேண்டிய இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மாற்றத்துக்கான காரணத்தைத் தேடாமலே தீர்ப்புச் சொல்வதும் தவறு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வாசகர்கள் இயக்குநர் பீட்டர் ஜாக்சனிடம் மன்னிக்காத விஷயம் ஃபாரமிர் என்ற பாத்திரம். நாவலை எழுதிய டோல்கீனின் ஃபாரமிர், யாரையும் ஆசைகாட்டிக் கெடுக்கும் அந்த மந்திர மோதிரம் வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறவன். மோதிரத்துக்கு ஆசைப்பட்டுத் தவறிய அண்ணன் போரோமிருக்கு நேர் எதிரானவன். 2002இல் வந்த இரண்டாம் படத்தில் அவன், மோதிரத்தைச் சுமந்து வரும் ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் பிடித்து, மோதிரத்தோடு ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப்போகிறான். ஏன்? மோதிரத்தின் முன்னால் யாருமே தாங்கமாட்டார்கள் என்று அதுவரை கட்டிக்கொண்டு வந்த பயம், ஒருவன் சர்வசாதாரணமாக வேண்டாம் என்று சொன்னால் திரையில் சப்பென்று ஆகிவிடும் என்று திரைக்கதையாளர்கள் நினைத்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. புத்தகத்தின் இரண்டாம் பகுதி முடிவில் வரும் ராட்சதச் சிலந்தி ஷெலாபை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால், ஃப்ரோடோவுக்கு இங்கே வேறொரு ஆபத்து தேவைப்பட்டது.

காரணம் நியாயமானதுதான். ஆனாலும் அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் மங்கிவிட்டது என்பதே என் எண்ணம். இன்னொன்று: ஃபாரமிரை அப்பா எப்படி நடத்தினார் என்று இரண்டாம் படத்தில் காட்டும் காட்சி, அதன் நீட்டிக்கப்பட்ட பதிப்பில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தபின் அவன் மேல் வரும் கோபம் பாதியாகக் குறையும். தியேட்டரில் வந்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு அவனைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம்.

மூலத்தை மாற்றுவதே துரோகம் என்று தமிழ் வாசகர்கள் சொல்லும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப்போகிறான். கம்பனில் அவளைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். வீடணன் அண்ணனுக்குப் புத்தி சொல்லும்போது வருகிற இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லவே இல்லை. இவற்றைக் குறை என்றா சொல்கிறோம்? மாற்றியதால் என்ன கிடைத்தது என்று பார்க்கிறோம். அதே கண்ணோடு சினிமாவையும் பார்க்கலாம்.

"இது டைரக்டர் கைச்சரக்கு" என்று சட்டென்று சொல்வதிலும் கவனம் வேண்டும். ஒரே புத்தகமான 'தி ஹாபிட்', 2012 முதல் 2014 வரை மூன்று படமாக நீண்டது. டாரியல் என்ற பெண் வீராங்கனை படத்துக்காகவே உருவாக்கப்பட்டவள், அது உண்மை. ஆனால் மந்திரவாதி காண்டால்ஃப் தனியாக டோல் குல்டூர் கோட்டைக்குப் போவது, டோல்கீன் பிற்பாடு எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் பின்னிணைப்புகளில் இருக்கும் விஷயம். பின்னிணைப்பைப் புரட்டாமல் பழி போடக்கூடாது. எல்லாப் பழியும் இயக்குநருக்குப் போய்ச் சேருவதும் சரியல்ல. 2007இல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' படத்துக்குப் புத்தகத்தின் இருண்ட முடிவைப் படம்பிடித்தே வைத்திருந்தார்கள். அடுத்த பாகத்துக்கு என்று ஸ்டுடியோக்காரர்கள் அதை எடுத்து வைத்தார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை.

கடைசியாக, பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தை மூலம் என்று நம்பிவிடாதீர்கள். சண்டைக்குக் கிளம்புமுன் அந்த அத்தியாயத்தை மட்டுமாவது திரும்பப் படியுங்கள். புத்தகம் கையில் இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தேடிப்பாருங்கள். எந்தப் பதிப்பு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 1937இல் வந்த 'தி ஹாபிட்' முதல் பதிப்பில் விடுகதைப் போட்டிக்கு மோதிரத்தையே பரிசாகத் தருவதாக, அதை வைத்திருக்கும் குகைவாசி கோல்லம் (Gollum) சொல்கிறான். பிறகு அது காணாமல் போனதும் வருத்தப்பட்டு, போட்டியில் ஜெயித்த கதாநாயகன் பில்போவுக்கு வெளியே போக வழி காட்டுகிறான். அடுத்த பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'இல் அந்த மோதிரம் யாரும் மனதார விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றாக வளர்ந்துவிட்டதால், டோல்கீனே 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். இன்று நாம் கடையில் வாங்குவது அந்த மாற்றிய கதையைத்தான்.