குழந்தைக்குப் பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்பும் தங்கச்சிகளுக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் எம்.எஸ்சி. முடித்து, கல்யாணம், குழந்தை என்று நாலு வருடம் போய்விட்டது, இனி யார் எடுப்பார்கள் என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? முதலில் வயது வரம்பைப் பாருங்கள், பெண்களுக்கு அதில் தளர்வு இருக்கலாம். உதவித்தொகையை அப்புறம் பார்க்கலாம்.

சீனாவில் தேசிய இயற்கை அறிவியல் நிதியம் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நிதியில் ஆணுக்கு 35 வயது, பெண்ணுக்கு 40. 2024இல் இன்னொரு பெரிய நிதியிலும் பெண்களுக்கு மட்டும் 45ஐ 48 ஆக்கினார்கள். நம் நாட்டில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் ஜேஆர்எஃப்பிலும் பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு. இடைவெளி விட்டவர்கள், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் ஆய்வாளர்களுக்காக நடத்தும் வைஸ்-கிரண் திட்டத்தையும் பாருங்கள்.

சரி, உள்ளே போயாச்சு. இனிமேல்தான் கவனம் வேண்டும். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தைக் கண்டுபிடித்ததற்காக 2015இல் நோபல் வாங்கிய சீன விஞ்ஞானி தூ யூயூவிடம் முனைவர் பட்டம் கிடையாது. அந்த மருந்தின் வேதியியல் அமைப்பைச் சொன்ன 1977 கட்டுரையில் அவர் பெயரும் இல்லை, யார் பெயருமே இல்லை, குழுவின் பெயர்தான். யார் என்ன செய்தார்கள் என்பதைப் பல வருடம் கழித்துப் பழைய கடிதங்களையும் ஆய்வு நோட்டுகளையும் கிளறித்தான் எடுத்தார்கள். அதனால் நோட்டு போடுங்கள், முதல் நாளே.

கடல் வத்தியிருக்கும்போது ஆய்வுக்குப் பாசி மாதிரிகள் எடுக்கப் போனால் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை தண்ணி பட்டதும் கரைந்துவிடும். தேதி, நேரம், இடம், காற்று எந்தப் பக்கம், எடுத்தது யார், எல்லாம் அங்கேயே, ஈரக் கையோடேயே. சாயங்காலம் பக்கத்தைப் படம் பிடித்து உங்களுக்கும் வழிகாட்டிக்கும் மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். நான் இதைச் செய்யவில்லை, என் மாதிரிகள் வேறொருவர் பெயரில் கருத்தரங்கில் சுவரொட்டியாய்த் தொங்கியதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் கிடக்கும் என்று காட்டிய அக்காவின் பெயரையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கட்டுரை வரும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தப் பெயரையே போடுங்கள், ‘உள்ளூர் மக்களுக்கு நன்றி’ என்று முடித்துவிடாதீர்கள்.