ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பிரஷர் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுது பார்த்தவன் நான். இப்போது வயது 69. பிரஷர் என்றாலே எனக்கு அந்தப் பம்பின் அழுத்தமானி முள்தான் கண்ணில் ஆடும்.

பம்பில் ஒரு காற்றறை உண்டு. பிஸ்டன் இடிக்கும் இடியை அது வாங்கிக்கொள்ளும். மருந்து சீராக வரும். அது கெட்டால் முள் மேலும் கீழும் துள்ளும். இளமையில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி இந்த வேலையைத்தான் செய்கிறது. இதயம் சுருங்கும்போது விரிந்து ரத்தத்தைத் தேக்கி, இதயம் தளரும்போது தள்ளிவிடும். வயது ஏற ஏற ரப்பர்போல் நெகிழும் அதன் எலாஸ்டின் இழைகள் அறுகின்றன, விறைப்பான கொலாஜன் இழைகள் கூடுகின்றன, சுவர் விறைக்கிறது. அதனால்தான் அறுபதைத் தாண்டிய பலருக்குப் பிரஷரின் மேல் எண் (இதயம் சுருங்கும்போது உள்ளது) ஏற, கீழ் எண் (தளரும்போது உள்ளது) இறங்குகிறது. 150/70 வந்தால், "கீழே நன்றாகத்தானே இருக்கிறது" என்பாள் என் மனைவி. 120/80 என்றால் இடைவெளி 40, இங்கே 80. முள் துள்ளுகிறது என்று அர்த்தம். விறைத்த குழாய்க்குள் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் சட்டென்று தளராது. ரத்தம் நிரம்பத் தாமதமாகும். ஏற்றத்தில் மூச்சு வாங்க அதுவும் ஒரு காரணம். ஆனால் புதிதாக மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ வயதுதானே என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் வீடு பஸ் நிற்கும் இடத்திலிருந்து 96 படி மேலே. மார்கழியில் ஒரு நாள் ரேஷன் அரிசியோடு ஏறிவந்ததும், ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுப் பிரஷர் கருவியின் பட்டையைக் கட்டினேன். மேல் எண் 182! அரை மணி கழித்துப் பார்த்தால் 144. சுருட்டிய கம்பளி கையை இறுக்கியிருக்கிறது, படி ஏறியது ஒரு பங்கு, குளிர் ஒரு பங்கு. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், எண் ஏறும்.

ஆகவே ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். வெறும் கையில் பட்டை. அறை கதகதப்பாக இருக்கட்டும். டீ குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும் (இந்த ஊரில் அதுதான் கஷ்டம்). சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், இதய உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் அடிக்கடி 135/85-ஐத் தாண்டினால் நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இன்னொரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. உட்கார்ந்து அளந்தபின் எழுந்து நின்று, முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். எழுந்ததும் அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயல் வயதில் மந்தமாகிவிடும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைசுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

எங்கள் கழிப்பறை வீட்டுக்கு வெளியே. உறைபனி இரவில் அவசரமாக எழுந்து வாசலில் ஒருமுறை சாய்ந்திருக்கிறேன். இப்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, குல்லாவைத் தேடி மாட்டி, மப்ளரைச் சுற்றிய பிறகுதான் எழுகிறேன்.