வெள்ளிப்பூண் போட்ட பழைய புகையிலை பைப்பு: யார் செஞ்சதுன்னு தேடும்போது நம்ம சறுக்குற இடங்க

புகை பிடிக்கிற பழைய இங்கிலாந்து பைப்பு ஒண்ணு கைக்கு வந்ததும் தண்டுல மாட்டியிருக்கிற வெள்ளிப்பூண்ல இருக்கிற ரெண்டு மூணு எழுத்தைப் பாத்துட்டு இவர்தான் செஞ்சவர்னு முடிவு கட்டிடுறோம் பாருங்க, பெரிய தப்பே அதுதான். அந்த எழுத்து வெள்ளியை தரச் சோதனைக்கு அனுப்பினவரோட முத்திரை, அந்த வெள்ளிக்குத்தான் அவர் பொறுப்பு. புகையிலை வெக்கிற மரக் கிண்ணத்தை குடைஞ்சது வேற ஆளா இருக்கலாம், ஏன்னா பிரான்ஸ்ல செயின்ட் க்ளாட் ஊர்ல கடைஞ்ச பிரையர் (ஒரு செடியோட வேர்க்கட்டை) கிண்ணம் இங்கிலாந்துக்கு வந்து அங்க பூண் மாட்டி வேற பேர்ல வித்ததெல்லாம் அன்னிக்கு சகஜம். சிலதுல மரம், வெள்ளி ரெண்டும் ஒரே வீட்டு வேலை. லண்டன் பார்லிங் குடும்பம் வெள்ளி வேலையில ஆரம்பிச்சு பைப்புக்கு வந்தவங்க, அவங்க பூண்ல ஈபி (EB), டபிள்யூபி (WB) இருக்கும், மரத்துலயும் பார்லிங்னு குத்தியிருக்கும். மரமும் வெள்ளியும் ஒரே பேரை சொன்னாத்தான் நான் நம்புவேன்.

இதுல ஒரு கூத்து. ஈபின்னு (EP) இன்னொண்ணும் இருக்கு, அது எலக்ட்ரோ ப்ளேட், அதாவது வெறும் வெள்ளி முலாம். தமிழ்ல எழுதினா ரெண்டு பி-யும் ஒண்ணுதான், லென்ஸ் வெச்சு பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். அந்த ஈபியையும் சின்ன கட்டத்துக்குள்ள அடிச்சு ஹால்மார்க் (சோதனை நிலையம் அடிக்கிற தர முத்திரை) மாதிரியே வெச்சிருப்பாங்க. பக்கத்துல நடக்கிற சிங்கம் இருக்கான்னு பாருங்க, அதுதான் இங்கிலாந்துல 92.5 சதவீத வெள்ளிக்கு அடையாளம்.

நங்கூரம் இருந்தா உடனே கப்பல் கேப்டன் வெச்சிருந்த பைப்புன்னு கதை கட்டுவாங்க. அது பர்மிங்ஹாம் சோதனை நிலையத்தோட முத்திரைங்க, அந்த ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்ல. சிறுத்தைத் தலைன்னா லண்டன்.

அயர்லாந்துல டப்ளின் ஊர் பீட்டர்சன் கம்பெனி பைப்புல இதுக்கு நேர் எதிரா ஏமாறுவோம். சிங்கம் இல்லையே, டூப்ளிகேட்னு தூக்கி வெச்சிடுவோம். அயர்லாந்து வெள்ளியில சிங்கமே வராது, கிரீடம் வெச்ச யாழும் உக்காந்திருக்கிற ஹைபெர்னியாங்கிற (அயர்லாந்தைக் குறிக்கிற) பொம்பளை உருவமும்தான் வரும். அதே கம்பெனி நிக்கல் பூண்ல மூணு இலை ஷாம்ராக், படுத்திருக்கிற ஒரு மிருகம் (நரின்னு சிலர், வேட்டைநாய்னு சிலர், சண்டை இன்னும் முடியல), ஒரு கோபுரம்னு வரிசையா அடிச்சிருக்கும். பாக்க அசல் ஹால்மார்க் மாதிரியே இருக்கும், ஆனா வெறும் அலங்காரம், அதை வெச்சு வருஷம் தேடினா கிடைக்காது.

வெள்ளியை சோதிச்ச வருஷத்தை ஒரே எழுத்துல அடிப்பாங்க, அந்த வருஷ எழுத்துலயும் அவசரம் வேணாம். பர்மிங்ஹாம்ல 1875, 1900, 1925 மூணு வருஷத்துலயும் எழுத்து வரிசை மறுபடி ஏ-ல தொடங்குது, எழுத்தோட பாணியும் சுத்தி இருக்கிற கட்டத்தோட வடிவமும் பாக்கலன்னா 25 வருஷம் தள்ளிப் போயிடும். அப்ப எழுத்து மாத்தினது ஜூலையில, அதனால 1900ன்னு பட்டியல்ல இருந்தா 1901 பாதி வரைக்கும் சேரும்.

உறைப்பெட்டி இன்னொரு பொறி. உள்ள பட்டுத்துணியில தங்க எழுத்துல இருக்கிறது பல தடவை வித்த கடையோட பேரு. நானே ஒரு பைப்புக்கு ரொம்ப நாள் கடைக்காரர் பேரைத்தான் மேக்கர்னு எழுதி வெச்சிருந்தேன்.

அப்புறம் பூணே பின்னாடி போட்டதா இருக்கலாம். தண்டு விரிசல் விட்டா பூண் மாட்டி இறுக்கறது பழைய ரிப்பேர், அந்த வெள்ளி ரிப்பேர் பண்ணின காலத்தைத்தான் சொல்லும். மரத்துல குத்தின பேர் பாதி பூணுக்கு அடியில போய் மறைஞ்சிருந்தா சந்தேகப்படுங்க. அதைப் பாக்கிறதுக்கு பூணை கழட்டிடாதீங்க, விரிசல் வாயைத் திறந்துடும். டூத்பேஸ்ட் போட்டு தேய்க்கவும் வேணாம், நூறு வருஷம் தாங்கின முத்திரை மழுங்கிப்போயிடும், வாயால ஊதி ஆவி படிஞ்ச உடனே சாய்ச்ச வெளிச்சத்துல பாத்தா அழுக்கோடயே பல தடவை படிக்க வந்துடும்.