‘பான்ஹேண்டில்’: பிச்சையா, நிலமா? தமிழில் எழுதுவது எப்படி

அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்கும்போது தடுக்கி விழவைக்கும் சொல் ‘பான்ஹேண்டில்’ (panhandle); நேர்ப்பொருள் சட்டியின் கைப்பிடி. தெருவில் காசு கேட்பதற்கும் அதே சொல்; ஒரு மாநிலத்தின் உடம்பிலிருந்து தனியாக நீண்டு கிடக்கும் நிலத்துக்கும் அதே சொல். கவனிக்காமல் விட்டால் ‘புளோரிடா பாத்திரக் கைப்பிடியில் புயல்’ என்று அச்சாகிவிடும்.

முதல் வேலை, எந்தப் பொருள் என்று பிரிப்பது. முன்னால் மாநிலப் பெயர் இருந்தாலோ, முதலெழுத்து பெரிய எழுத்தாக இருந்தாலோ அநேகமாக நிலம். ‘பான்ஹேண்ட்லிங்’, ‘பான்ஹேண்ட்லர்’ என்று முடிந்தால் பிச்சை. தலைப்புகளில் எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து போடுவார்கள். அங்கே பெரிய எழுத்தை நம்பாமல் முதல் பத்தியைப் படித்துவிடுங்கள். அமரில்லோ நகரம் டெக்சஸ் பான்ஹேண்டிலில் இருக்கிறது. அங்கே யாசகம் பற்றிய செய்தி வந்தால் இரண்டு பொருளும் ஒரே பத்தியில் வரும்.

நிலம் என்றால், கைப்பிடியை மொழிபெயர்க்காதீர்கள். நம் வாணலிக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் காதுதான். அந்த உவமை நம் வாசகருக்கு எடுபடாது. வடிவத்தை விளக்கியே ஆகவேண்டுமென்றால் தாளிப்புக் கரண்டியையும் அதன் காம்பையும் ஒரு முறை சொல்லலாம். மற்ற இடங்களில் மாநிலப் பெயர், திசை, ‘நீட்சி’ என்ற மூன்றும் போதும். டெக்சஸுக்கு வடக்கு, ஓக்லஹோமாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் மேற்கு, புளோரிடாவுக்கு வடமேற்கு, ஐடஹோவுக்கு வடக்கு, அலாஸ்காவுக்குத் தென்கிழக்கு. மேற்கு வர்ஜீனியாவுக்கு இரண்டு உண்டு, வடக்கிலும் கிழக்கிலும்; எது என்று குறிப்பிடாமல் எழுதினால் தவறு.

‘குறுகிய’ என்ற அடைமொழியைப் பழக்கத்தில் ஒட்டிவிட வேண்டாம். டெக்சஸின் வடக்கு நீட்சியில் 26 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்), ஏறத்தாழச் சதுரம். ஓக்லஹோமாவுக்கு அந்த அடைமொழி பொருந்தும்: சுமார் 267 கிலோமீட்டர் நீளம், 55 கிலோமீட்டர் அகலம், மூன்றே கவுண்டிகள். அந்த ஒடுக்கத்துக்குக் காரணம் அடிமை முறை. 1820இன் மிசூரி உடன்பாடு 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை விதித்தது. அடிமை முறையை அனுமதித்த மாநிலமான டெக்சஸ் 1850இல் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருந்த நிலத்தை விட்டுக்கொடுத்தது. 1854இல் கன்சாஸின் தெற்கு எல்லையை 37 பாகையில் வரைந்தார்கள். இடையில் மிஞ்சிய அரைப் பாகை நிலம் பல ஆண்டுகள் எந்த மாநிலத்திலும் பிரதேசத்திலும் சேராமல் கிடந்தது. 1890இல்தான் ஓக்லஹோமா பிரதேசத்தோடு சேர்த்தார்கள்.

இதைத் தீபகற்பத்தோடு குழப்பாதீர்கள். புளோரிடாவில் தெற்கே கடலுக்குள் இறங்குவது தீபகற்பம். அலபாமாவை ஒட்டி மேற்கே போவதுதான் நீட்சி. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் கரையைக் கடந்தது இங்கேதான், மயாமியில் அல்ல. சிலிகுரியின் ‘கோழிக்கழுத்து’ம் வேறு வகை. கழுத்து இரண்டு பெரிய நிலங்களை இணைக்கும். நீட்சியின் ஒரு முனைதான் தாய்நிலத்தோடு ஒட்டியிருக்கும், மறுமுனை சும்மா நிற்கும்.

பிச்சை என்ற பொருளுக்கு வருவோம். நிலப்பொருள்தான் மூத்தது, யாசகப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வருகிறது. நீட்டிய கை சட்டியின் பிடிபோல இருப்பதால் வந்தது என்பது பரவலான விளக்கம், உறுதியான முடிவல்ல. ஓக்லஹோமாக்காரர்கள் பிச்சை எடுத்ததால் வந்த பெயர் என்ற கதையைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழில் ‘கையேந்துதல்’ அழகாகப் பொருந்தும், கையும் அதில் இருக்கிறது. ஆனால் ‘மத்திய அரசிடம் கையேந்தும் மாநிலங்கள்’ என்றும் நாம் எழுதுவதால், சட்டச் செய்தியில் அது வழுக்கும். அங்கே ‘பொது இடத்தில் காசு கேட்பது’ என்று விரித்தே எழுதுங்கள். காரணம் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர விதி ஒன்று, நகரின் பழமையான மையப் பகுதியில் ‘இப்போதே காசு கொடுங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்பதைத் தடை செய்தது. அட்டையில் எழுதிப் பிடிப்பதையும், பிறகு பணம் அனுப்பச் சொல்லிக் கேட்பதையும் அனுமதித்தது. பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கிறது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. வெறும் ‘பிச்சைக்குத் தடை’ என்று எழுதினால் வழக்கே புரியாது.

‘அக்ரெசிவ்’ என்ற அடைமொழி சேர்ந்து வந்தால் ‘ஆக்ரோஷப் பிச்சை’ வேண்டாம். பின்தொடர்வது, தொடுவது, வழியை அடைப்பது போன்றவற்றைத்தான் இத்தகைய விதிகள் வழக்கமாகக் குறிக்கின்றன. ‘வழிமறித்துக் காசு கேட்பது’ சரியாக வரும். ஆளைக் குறிக்க ‘யாசகர்’ அல்லது ‘காசு கேட்பவர்’. ‘வீடற்றவர்’ என்று மாற்றிவிடாதீர்கள். இரண்டும் ஒரே கூட்டமல்ல.

வீட்டுமனைச் செய்தியிலும் இந்தச் சொல் தலைகாட்டும், குறிப்பாகத் தென்னாப்பிரிக்கா, கலிபோர்னியா விளம்பரங்களில். அங்கே அது, சாலையை எட்ட ஒடுங்கிய வழி மட்டும் உள்ள பின்மனை. சான் பிரான்சிஸ்கோ செய்தியில் மாநிலப் பெயர் இல்லாமல் பெரிய எழுத்தில் வந்தால், கோல்டன் கேட் பூங்காவிலிருந்து கிழக்கே நீளும், இரண்டு தெருக்களுக்கு இடைப்பட்ட அகலமே உள்ள பூங்காத் துண்டு. அது இடப்பெயர், ‘பான்ஹேண்டில் பூங்கா’ என்று அப்படியே வைத்துக்கொள்ளலாம்.