செம்மறியில் கலப்பினம்: கம்பளியைக் கெடுக்கும் தவறுகள்

கலப்பினம் என்றாலே வீரியம் கூடும் என்று நம்பித்தான் பலர் கம்பளியைக் கோட்டை விடுகிறார்கள். குட்டி பிழைப்பதிலும் ஆடு சினை பிடிப்பதிலும் கலப்பின வீரியம் கண்ணுக்குத் தெரியும். இழையின் பருமனில் அது அநேகமாக இல்லை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெல்லிழை இனமான மெரினோவின் 20 மைக்ரான் பெட்டைக்கு, முரட்டு இழை இனமான லிங்கனின் 38 மைக்ரான் கிடாவைச் சேர்த்தால் குட்டியின் கம்பளி 28, 30 என்று நடுவில் வந்து நிற்கும். தாயைவிட மெலிசாக வராது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முதல் தலைமுறைக் கலப்புக் கிடாவையே பொலிகிடாவாக (இனப்பெருக்கக் கிடாவாக) நிறுத்துவது. அந்தத் தலைமுறைக் குட்டிகள் ஒன்றுபோல இருக்கும், லட்சணமாகவும் இருக்கும். வெளியில் கிடா வாங்கும் செலவு மிச்சம் என்று அதில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஈற்றிலேயே சிதறல் தொடங்கும். ஒரு குட்டி மெரினோ பக்கம் சாயும், இன்னொன்று முரட்டு மயிரோடு வரும், ஒரே ஆட்டிலேயே தோளில் ஒரு தரமும் தொடையில் ஒரு தரமும் இருக்கும். நியூசிலாந்தில் லிங்கனையும் மெரினோவையும் கலந்து காரிடேல் இனத்தை உருவாக்கியவர்கள் கலப்பு ஆடுகளை உள்ளுக்குள்ளேயே சேர்த்துப் பெருக்கினார்கள், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வாததைக் கழித்துக்கொண்டே போனார்கள். கழிக்க மனமில்லாதவர், ஒவ்வொரு முறையும் தூய இனக் கிடாவை வாங்கிச் சேர்ப்பதே நல்லது.

இன்னொரு வழி, சீமை (வெளிநாட்டு) இனத்தின் ரத்தத்தை 75 சதவீதத்தில் நிறுத்தி அங்கிருந்து தேர்ந்தெடுப்பது. ராஜஸ்தானின் அவிகாநகரில் சோக்லா, நாலி என்ற உள்நாட்டு இனப் பெட்டைகளோடு ராம்பூலே, மெரினோ என்ற சீமை இனக் கிடாக்களைச் சேர்த்து உருவான பாரத் மெரினோ அந்த அளவில்தான் நிலைப்படுத்தப்பட்டது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் அதை வளர்க்கிறார்கள். அதற்கு மேலே ஏற்றினால் இழை மெலியும். ஆனால் வெயிலையும் நோயையும் தாங்கும் திறன் குறையும்.

கிடாவின் எடையையும் கொம்பையும் பார்த்து வாங்குவதும் வழக்கமாக நடக்கிற தவறு. தோள், விலாவின் நடு, பின்தொடை என மூன்று இடத்தில் கம்பளியைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பினால், சுண்ணாம்பு வெள்ளையாக, குட்டையாக, விறைப்பாக இருக்கும் இழைகள் தனியே தெரியும். அவைதான் கெம்ப். அவற்றின் நடு பொள்ளல், அதனால் சாயம் ஏற்றினாலும் வெளிறியே நிற்கும். நெய்த துணியில் வெள்ளைக் கீறலாகத் தெரியும். பின்தொடை கொஞ்சம் முரடாக இருப்பது இயல்பு. விலாவிலேயே கெம்ப் இருந்தால் அந்தக் கிடா வேண்டாம். பஞ்ச காலத்தில் இளைத்த கிடாவின் கம்பளி மெலிசாகத் தெரிவதைக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள், அது பட்டினியின் மெலிவு.

கத்தரித்ததை அப்படியே தராசில் வைத்து மகசூலை ஒப்பிடுவதிலும் ஏமாற்றம் உண்டு. மெரினோ கம்பளியில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். 2.5 கிலோ கத்தரித்து, கழுவியபின் 55 சதவீதம் மிஞ்சினால் 1.375 கிலோ. 2 கிலோ கத்தரித்து 75 சதவீதம் மிஞ்சினால் 1.5 கிலோ. ஆட்டுக்கு 100 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்காமல் இரண்டு மூன்று முறை அலசி, நன்றாகக் காய்ந்தபின் நிறுத்தால் கணக்கு வந்துவிடும். கசக்கினால் கம்பளி பின்னிக்கொள்ளும்.

சினை ஆட்டின் வயிற்றில்தான் குட்டியின் கம்பளி தீர்மானமாகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மெலிந்த இழை தரும் துணை மயிர்க்கால்கள் சினையின் 85, 90ஆம் நாளுக்குமேல் உருவாகத் தொடங்குகின்றன. பிறந்த பிறகும் சில மாதம் முதிர்கின்றன. மெரினோவில் ஒரு முதன்மை மயிர்க்காலுக்கு இருபதுக்கு மேல் துணைக்கால்கள்; கம்பளி இல்லாத மயிர் ஆடுகளில் மிகச் சில. கடைசி ஐம்பது நாளில் தாய்க்குத் தீவனம் குறைந்தால் அவற்றில் பல முதிராமலே போகும். பின்னால் எவ்வளவு போட்டாலும் அந்த எண்ணிக்கை மீளாது. விலை கொடுத்து வாங்கிய கிடாவின் பலன் இப்படித்தான் வீணாகிறது.

சேர்க்கக்கூடாத பெட்டையும் உண்டு. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, அதன் பெருமை தோலில். மெரினோவைக் கலந்தால் கம்பளியும் உருப்படியாக வராது, தோலும் தளர்ந்துபோகும். நீலகிரி ஆட்டில் நிலைமை தலைகீழ். 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற சீமை இனங்கள் கலந்து உருவான மெல்லிழை இனம் அது. சமவெளி மயிர்க் கிடா ஒரு முறை ஏறினாலே அந்தக் குட்டியில் மயிர் திரும்பிவிடும். எண்ணிக்கையில் அருகிவிட்ட இனத்துக்கு அது பெரும் இழப்பு.

கம்பளத்துக்கு விற்பவருக்கு மெரினோ கலப்பே வேண்டாம், கால் பட்டாலும் நிமிர்ந்து நிற்க முரட்டு இழை வேண்டும்.

கலப்பு ஆடுகளும் தூய ஆடுகளும் ஒரே பட்டியில் இருந்தால் கத்தரிப்பில் வெள்ளை மெல்லிழை ஆடுகளை முதலில் முடியுங்கள். கலப்பு ஆடுகளையும் கறுப்பு, பழுப்பு ஆடுகளையும் கடைசிக்கு வையுங்கள். இடையில் தரையைக் கூட்டி, சாக்கை மாற்றுங்கள். சில கறுப்பு இழைகள் கலந்தாலும் வெள்ளைக் கம்பளியின் விலை விழும்.