மாணிக்கக்கல் என்றால் மாணிக்கமா? கல் வாங்கும்போது விடும் தவறுகள்

வன்னியில் பவுண் பற்றி யாருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எந்தக் காப்பு எத்தனை பவுண், அடகு வைத்தால் எவ்வளவு தருவார்கள் என்று அம்மாமார் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதே மோதிரத்தில் ஒரு கல்லு ஏறிவிட்டால் மட்டும் கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு.

முதல் குழப்பமே 'மாணிக்கக்கல்' என்ற சொல்லில்தான். நவரத்தினத்தில் மாணிக்கம் என்பது சிவப்புக்கல். ஆனால் எங்கள் நாட்டுச் செய்திகளில் இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் எல்லாக் கல்லுமே மாணிக்கக்கல்தான், நீலமும் உட்பட. ஆகவே யாராவது "மாணிக்கக்கல் மோதிரம்" என்றால், சரி, என்ன கல் என்று பெயரைக் கேளுங்கள்.

அடுத்தது கரட். தங்கத்துக்குச் சொல்லும் கரட் தரம்: 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்றால் 22 கரட். கல்லுக்குச் சொல்லும் கரட் நிறை, ஒரு கரட் 0.2 கிராம். "22 கரட் கல்லு மோதிரம்" என்று சொன்னதைக் கேட்டு கல்லே 22 கரட் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். அப்படியொரு கல் 4.4 கிராம் வரும், அரைப் பவுணையும் விடக் கூட! நிறையை வைத்து மட்டும் பெறுமதியை முடிவு செய்வதும் பிழை. 2021இல் இரத்தினபுரியில் 510 கிலோ நீலக்கல் பாறை, சுமார் 25 இலட்சம் கரட் என்று பெரிதாகக் கதைத்தார்களே, அது முழுப் பாறையின் நிறை. அதில் வெட்டிப் பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கக்கூடிய அளவுக்குத் தெளிவானது எவ்வளவு என்பது வேறு கதை.

'செயற்கை', 'போலி' இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். செயற்கை மாணிக்கத்தின் உள்ளே இருப்பது இயற்கை மாணிக்கத்தில் இருக்கும் அதே அலுமினியம் ஒட்சைட்டும் கொஞ்சம் குரோமியமும்தான், பிறந்த இடம் தொழிற்சாலை, அதனால் விலை மிகக் குறைவு. போலி என்றால் சிவப்புக் கண்ணாடிகூட இருக்கலாம். "இது அம்மம்மாவின் மோதிரம், அந்தக் காலத்தில் ஏது செயற்கை" என்பார்கள். வெர்னய் என்ற பிரெஞ்சுக்காரர் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டது 1902இல், அப்புறம் சில வருடங்களிலேயே அது சந்தைக்கு வந்துவிட்டது. அம்மம்மாவைக் குறை சொல்லவில்லை!

சிர்க்கோன், கியூபிக் சிர்க்கோனியா என்ற பெயர்களிலும் குழப்பம்தான். சிர்க்கோன் இயற்கைக்கல், நிறமில்லாததை மாத்தறை வைரம் என்பார்கள். 'கியூபிக் சிர்க்கோனியா' ஆய்வுகூடத்தில் செய்வது, அமெரிக்கன் டயமண்ட் என்று விற்பதும் அதுதான். இரண்டுமே வைரம் கிடையாது.

சூடு காட்டிய கல் என்றதும் பயப்படத் தேவையில்லை. பால் போல மங்கலான கெவுடக் கல்லைச் சூடாக்கி நீலமாக்குவது வியாபாரத்தில் ஏற்றுக்கொண்ட வழக்கம், ஆனால் சூடு காட்டாத நல்ல நீலத்தின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள். வெடிப்புக்குள் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம்தான் தொல்லை, தேசிக்காய்ப் புளி பட்டாலே பழுதாகலாம்.

முத்துக்கு வந்தால், சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளித்த கதை கேட்டு வளர்ந்த நாங்களே வளர்ப்பு முத்தைப் பொய் முத்து என்கிறோம். அதுவும் சிப்பிக்குள் விளைந்ததுதான், மனிதர் தொடக்கி வைத்தது என்பதே வித்தியாசம்.

சாத்திரியார் சொன்னார் என்று என் சித்தி குரு கிரகத்துக்குக் கனகபுஷ்பராகம் வாங்கினார். அது நீலக்கல்லின் இனம்தான், நிறம் மட்டும் மஞ்சள். புஷ்பராகம் என்று மட்டும் சொன்னால் டோபாஸும் அதற்குள் வந்துவிடும், சிற்றின் (citrine) என்ற மஞ்சள் பளிங்குக்கல்லைக்கூட அந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள். பிறகு சந்தேகம் வந்து பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தோம்: "கல்லு மோதிரம் 1". அவ்வளவுதான். கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா, சூடு காட்டியதா, எத்தனை கரட் எல்லாம் அதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். விலை கூடிய கல் என்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் காட்டி அறிக்கை எடுக்கலாம். சித்தி எடுக்கவில்லை. "வடிவாத்தானே இருக்கு, விடு" என்று இன்னும் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்.